ஜெராஷில் வெற்றிலை

ஏனுங்கம்மணி, சித்தே அப்படி நவுந்து உக்காந்தீங்கன்னா நானும் காலை நீட்டிக்குவேன். முட்டி மடங்க மாட்டேங்குதுங்க. நாமக்கல் வரைக்கும் போகோணும். உங்க மடியில வச்சிருக்கற டூர்க்காரன் புத்தகத்துல செவப்புக் கல்லுல ஒரு கோபுரமாட்டம் இருக்குதே, அது பெட்ராதானுங்களே? ஜோர்டான் தேசம். பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அதுக்கு முன்னாடி நின்னு நானும் போட்டோ எடுத்திருக்கறனுங்க.

குடும்பத்தோட போறீங்களா? உங்கூட்டுக்காரரு கூப்புடறாரா? போங்க, நல்லாப் போயிட்டு வாங்க. நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா கெளம்பறதுக்கு முன்னாடி அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுப்போடுங்க. ஊட்டி இருக்குது, கொடைக்கானல் இருக்குது, எதுக்கு என்னையத் திடீர்னு பாலைவனத்துக்குக் கூப்புடறீங்கன்னு மூஞ்சிக்கு நேராக் கேளுங்க. நான் கேக்காமப் போயிட்டேன். அதுதான் இன்னைக்கு வரைக்கும் என்ற வயித்தெரிச்சல்.

நமக்கு ஈரோடுங்க. மஞ்சள் மண்டி வச்சிருக்கறோம். எங்கூட்டுக்காரரு மண்டியை உட்டுப்போட்டு ஒரு பொழுது முழுசா எங்கியும் வந்த மனுசன் இல்லை. பழனி மலை ஏறறப்பவே காதுல போனை வச்சுக்கிட்டு, விரலி என்ன போகுது கிழங்கு என்ன போகுதுன்னு கேட்டுக்கிட்டேதான் ஏறுவாரு. அப்படியாப்பட்டவரு ஒரு நாளு சாப்புட்டுக்கிட்டு இருக்கறப்ப, "ருக்கு, நாம ஜோர்டான் போயிட்டு வரலாமா"ங்கறாரு. ருக்குமணிங்க என்ற பேரு. எனக்கு ஒண்ணும் புரியலை. அங்க என்னங்க இருக்குதுன்னு கேட்டேன். ரெண்டாயிரம் வருசத்துக் கட்டடமெல்லாம் இருக்குது, மனுசன் முழுகாத கடல் இருக்குது, நீ பாக்கோணும்னாரு. நீ பாக்கோணும்னு சொன்னாருங்க. கல்யாணம் ஆனதுல இருந்து அந்த வார்த்தையை அவரு வாயில இருந்து நான் கேட்டதில்லை. அப்படியே உருகிப்போயிட்டேன். நாந்தான் மடச்சி.

எங்களுக்கு ஒரே பையன், தரணி. கோயமுத்தூருல பம்பு கம்பெனில இன்ஜினீயரு. அவனும் லீவு போட்டுக்கிட்டு வர்றேன்னான். பொங்கலுக்கே லீவு இல்லைங்கறவன். அப்பவாச்சும் எனக்கு ஒறைச்சிருக்கோணுமா இல்லியா?

அவனுக்குத்தான் பொண்ணு தேடிக்கிட்டு இருந்தோம். எங்க ஒறம்பரை சனத்துல என்னையப் பத்தி ஒரு பேச்சு உண்டு, ருக்குமணி எல்லாத்துலயும் குறை சொல்லுவான்னு. அது பொய்ங்க. நான் குறையே சொல்ல மாட்டேன், பாத்ததைச் சொல்லுவேன். ஒரு ஊட்டுக்குப் போனோம், காபில ஆடை மெதந்துச்சு. வந்தவங்களுக்கே ஆடையை எடுத்துப்போட்டுக் குடுக்காதவ நாளைக்கு எனக்கு என்ன பண்ணுவா? இன்னொரு எடத்துல பொண்ணு நடந்து வந்தா கொலுசு சத்தம் தெருவுக்கே கேக்குது. வேறொரு புள்ள சத்தமே இல்லாம பூனையாட்டம் வந்து பக்கத்துல நின்னுச்சு, நான் பயந்தே போயிட்டேன். இதையெல்லாம் சொன்னாக் குறையா? போட்டோவுலயே வேண்டாம்னு சொன்னதும் கொஞ்சம் இருக்குது, இல்லைன்னு சொல்லலை. பின்ன போட்டோ எதுக்குங்க குடுக்கறாங்க? பாத்துச் சொல்றதுக்குத்தானே?

சரி, கதைக்கு வர்றேன். கோயமுத்தூர் ஏர்போர்ட்டுல எல்லாத்துக்கும் ஒரே மாதிரி தொப்பி குடுத்தாங்க. எங்ககூட ஒரு குடும்பம் நின்னுக்கிட்டு இருந்துச்சு. அப்பா, அம்மா, ஒரு பொண்ணு. எங்கூட்டுக்காரரு போயி, "வணக்கமுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க"ன்னு கேக்கறாரு. அந்தாளு, "திருச்செங்கோடுங்க, போர் போடற ரிக் வண்டி வச்சிருக்கறேன், உங்களுக்குங்க"ன்னு கேக்கறாரு. "ஈரோடுங்க." "அட, பக்கத்துலதானுங்களே." இப்படி ரெண்டு பேரும் பேசிக்கறாங்க. என்ற பையன் அந்தப் புள்ளைகிட்டப் போயி, உங்க பேரு என்னங்கன்னு கேக்கறான். எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டுங்க. நான் பெத்து வளத்தவன், நான் ஆக்கிப்போட்டுத் திங்கற மனுசன், ரெண்டு பேருக்கும் நடிக்க வரும்னு எனக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அந்தப் புள்ள பேரு மிதுனா. பிசியோதெரபி படிச்சுப்போட்டு ஆஸ்பத்திரில வேலை செய்யுது. நடக்க முடியாதவங்களை நடக்க வெக்கற வேலை. பிளேன்ல ஏறறப்பவே நான் முட்டியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறதைப் பாத்துப்போட்டு, "பெரிம்மா, நல்ல காலை மொதல்ல மேல வையுங்க, வலிக்கற காலை மொதல்ல கீழ வையுங்க"ன்னு சொல்லிக் குடுத்துச்சு. அன்னைக்குப் புடிச்ச கைங்க. பாலைவனம் முச்சூடும் அந்தக் கைதான் என்னையக் கூட்டிக்கிட்டுப் போச்சு.

டூர்க்காரங்க சமையக்காரரையே கையோட கூட்டிட்டு வந்திருந்தாங்க. காலையில பொங்கலு, மத்தியானம் ரசம், அது பாட்டுக்கு நடந்துச்சு. வெளிய பாத்தா மணலு, மலை, மணலு. மொதல்ல அந்தச் சாக்கடலுக்குப் போனோம். எல்லாரும் மல்லாக்கப் படுத்துக்கிட்டு மெதக்கறாங்க. நான் மாட்டேன்னுட்டேன். அந்தப் புள்ளதான் நைட்டியோட என்னைய எறக்கி, குதிகால் ரெண்டையும் கையில ஏந்திக்கிட்டு, "உடம்பை உட்டுடுங்க பெரிம்மா, நான் இருக்கறேன்"னுச்சு. உட்டுட்டேன். மெதந்தேன். எனக்கு அழுகை வந்துருச்சுங்க. எதுக்குன்னு தெரியலை.

பெட்ராவுலயும் அப்படித்தான். ரெண்டு பக்கமும் மலை, நடுவுல சந்தாட்டம் ஒரு வழி, நடந்துக்கிட்டே இருக்கோணும். குதிரைக்காரன் கூப்புடறான், பேட்டரி வண்டிக்காரன் கூப்புடறான். அந்தப் புள்ள, "நடக்கலாம் பெரிம்மா, உங்களால முடியும்"னுச்சு. நடந்தேன். சந்து முடியற எடத்துல அந்தச் செவப்புக் கட்டடம் கொஞ்சம் கொஞ்சமாத் தெரிஞ்சுது. இத்தனை பேருக்கு முன்னாடி சொல்றதுக்கு என்ன, ஒரு மக இருந்திருந்தா இப்படித்தான் இருந்திருப்பான்னு எனக்குத் தோணுச்சு.

ஒண்ணு மட்டும் அப்ப வித்தியாசமா இருந்துச்சு. அது என்னையப் பெரிம்மா பெரிம்மான்னு கூப்புடறப்பவெல்லாம் அவங்கம்மா வந்து, "அத்தைன்னு கூப்புடு கண்ணு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான், "எப்படிக் கூப்புட்டா என்னங்க, ஆசையாக் கூப்புடுது உடுங்க"ன்னுட்டேன். பெரிம்மான்னு கூப்புட்டா என்ற பையன் அதுக்கு அண்ணன் மொறை ஆயிருவானில்ல, அந்தப் பயந்தான் அவங்களுக்கு. எனக்கு எங்க தெரியும்? ஆனா ஒண்ணுங்க. அந்தப் புள்ளைக்கும் தெரியாதுங்கறதுக்கு அதுதான் சாட்சி. மாமியாராகப் போறவளை எவளாச்சும் பெரிம்மாம்பாளா?

ஆமாங்க. அதுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. மத்த எல்லாத்துக்கும் தெரியும்.

வாடி ரம்னு ஒரு மணல்காடு. அதுக்குப் போறப்ப பஸ்ஸுல பக்கத்துல உக்காந்துக்கிட்டு வந்துச்சு. நான் சும்மா இருக்காம, "ஏங்கண்ணு, உனக்கு மாப்பிள்ளை பாக்கறாங்களா"ன்னு கேட்டேன். "இனிமே எவன் முன்னாடியும் காபித் தட்டோட வந்து நிக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டேன் பெரிம்மா"ன்னுச்சு. "ஒரு வருசத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கறதில்லைன்னு அப்பா சத்தியம் பண்ணிக் குடுத்தாங்க, அதுக்கு அப்பறந்தான் டூருக்கே வந்தேன்."

"அப்படி என்ன சாமி நடந்துச்சு"ன்னேன்.

"ஒரு எடத்துல என்ற போட்டோவைப் பாத்துப்போட்டு, சிரிப்பே இல்லாத மூஞ்சின்னு சொல்லி அனுப்புனாங்க பெரிம்மா. போட்டோ எடுத்த அன்னைக்கு ஆஸ்பத்திரில நாள் முச்சூடும் நின்னுட்டு வந்தேன். வலில அழுகறவங்க முன்னாடி சிரிச்சுச் சிரிச்சு வாயே வலிச்சுது. அப்படியே ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். "எந்த மகராசி அது? ஊரான் பொண்ணைப் பேசற பேச்சா அது? அப்படிச் சொன்ன வாயிக்கு மருமகளே வாய்க்கக்கூடாது"ன்னு சொல்லிப்போட்டேன். மெதுவாக்கூடச் சொல்லலை, பஸ்ஸுக்கே கேக்கற மாதிரிதான் சொன்னேன். முன் சீட்டுல எங்கூட்டுக்காரருக்குப் பொரை ஏறிடுச்சு. அந்தப் புள்ளதான் எந்திரிச்சுப் போயித் தண்ணி குடுத்துச்சு.

அன்னைக்கே கூடாரத்துல டீ குடிக்கறப்ப அவருகிட்டச் சொன்னேன். "ஏனுங்க, இந்த மாதிரி ஒரு பொண்ணு நமக்குக் கெடைக்கலையே. நம்ம பையனுக்குக் கேட்டுப் பாக்கலாமா? எந்த முட்டாளோ மூஞ்சி சரியில்லைன்னு சொன்னாளாம்." அவரு டீயைப் பாத்துக்கிட்டே, "பாக்கலாம், பாக்கலாம், அவசரப்படாத"ங்கறாரு. அவசரப்படாதயாமா. பொட்டிக்குள்ள மஞ்சளை ஒளிச்சு வச்சுக்கிட்டு என்னைய அவசரப்படாதங்கறாரு.

கடைசியாத்தான் ஜெராஷ்னு ஒரு எடம். அந்தக் காலத்து ரோமாக்காரங்க கட்டுன ஊருங்க. தூணு தூணா நிக்குது, தெருவெல்லாம் கல்லு. அங்க கூத்து மேடையாட்டம் ஒண்ணு இருக்குது. கீழ வட்டமா வெறுந்தரை, அதைச் சுத்தி அரை வட்டத்துக்கு மேல மேல கல்லுப் படிக, உக்காந்து பாக்கறதுக்கு. கூட்டிட்டுப் போன ஜோர்டான்காரப் பையன் நடுவுல ஒரு கல்லைக் காட்டி, இதுக்கு மேல நின்னு ரகசியம் பேசுனாக்கூட உச்சிப் படி வரைக்கும் கேக்கும், மைக்கு இல்லாத காலத்துல அப்படிக் கட்டியிருக்கறாங்கன்னு சொன்னான். பேசியும் காட்டுனான். நாங்க எல்லாம் கேட்டோம். எங்கூட்டுக்காரரும் அந்தத் திருச்செங்கோட்டுக்காரரும் கேக்கலை. ரெண்டு பேரும் தூணோரமா நின்னு கை வாட்சைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. எங்கூட்டுக்காரரு வாட்சுல அப்பவும் ஈரோட்டு மணிதான் ஓடுது. ஏன் மாத்தலைன்னு கேட்டதுக்கு, மண்டிக்குப் போன் பண்ணோணும்னாரு. நல்ல நேரம் பாத்துக்கிட்டு இருந்திருக்கறாங்க. ஜோர்டான்ல நின்னுக்கிட்டு ஈரோட்டுக் காலண்டருக்கு நல்ல நேரம்.

"நீங்க ரெண்டு பேரும் மேல ஏறி உக்காருங்க, கீழ இருந்து போட்டோ எடுத்தா நல்லா வரும்"னு தரணி சொன்னான். படி ஒவ்வொண்ணும் முட்டி ஒசரம். அந்தப் புள்ள கையைப் புடிச்சுக்கிட்டு, நல்ல காலு மேல, வலிக்கற காலு அப்பறம்னு ஏறிப் பாதிக்கு மேலயே போயிட்டேன். எனக்குப் பெருமை தாங்கலை. கீழ சுத்திப் பாக்க வர்றவங்களுக்காகப் பைப் வாத்தியம் ஊதிக்கிட்டு இருந்த அந்த ஊருக்காரங்களும் நிறுத்திப்போட்டுப் போயிட்டாங்க. நல்ல வெயிலு, சத்தமே இல்லை.

அப்ப என்ற காதுகிட்ட ஒரு ஆம்பளைக் குரலுங்க. "வெத்தலை வாடவே இல்லை பாருங்க, ஈரத்துணில சுத்தியே எடுத்துட்டு வந்தேன்"ங்குது. திரும்பிப் பாத்தா யாரும் இல்லை. கீழ அந்த நடுக்கல்லு மேல திருச்செங்கோட்டுக்காரரு நிக்கறாரு. அந்தப் புள்ள சிரிச்சுச்சு. "எங்கப்பா பேசறது எவ்வளவு நல்லாக் கேக்குது பாருங்க பெரிம்மா"ன்னு சொல்லிக் கையை ஆட்டுச்சு. அவரு பாக்கலை.

டூர்க்காரன் சாப்பாட்டுத் தட்டு ஒண்ணை எங்கூட்டுக்காரரு பையில இருந்து எடுத்தாரு. அதுல வெத்தலையை வச்சாங்க, பாக்கு வச்சாங்க, ஒரு தேங்காய் வச்சாங்க, விரலி மஞ்சள் வச்சாங்க. அது எங்க மண்டி மஞ்சளுங்க. அந்த நெறம் எத்தனை தூரத்துல இருந்தாலும் எனக்குத் தெரியும். பொட்டி அடுக்குனது நானு. நான் அடுக்குன பொட்டிக்குள்ள எனக்குத் தெரியாம என்ற ஊட்டு மஞ்சள் பாலைவனம் வரைக்கும் வந்திருக்குது. வெத்தலை பாக்கும் மஞ்சளும் எதுக்கு எடுத்துட்டு வருவாங்கன்னு நமக்குச் சொல்லோணுமா? அந்தப் புள்ளையும் பாத்துச்சு. ஆட்டிக்கிட்டு இருந்த கை கீழ வந்துருச்சு.

"இன்னைக்கு நாம தட்டை மாத்திக்கிட்டா உறுதியான மாதிரி. பொம்பளைககிட்ட ஊருக்குப் போயிச் சொல்லிக்கலாம்." இது எங்கூட்டுக்காரரு.

"உங்க சம்சாரம் ஒத்துக்குவாங்களா? போட்டோவைப் பாத்துச் சிரிப்பே இல்லாத மூஞ்சின்னு சொன்னவங்களாச்சே." இது அவரு.

எங்கூட்டுக்காரரு சிரிக்கறாருங்க. "அவளா? இப்ப இந்தப் பொண்ணு மாதிரியே வேணும்னு அவதான் என்னைய நச்சரிக்கறா. அவகிட்ட எதையும் கேக்கப்படாதுங்க. கேட்டா வேண்டாம்பா. கேக்காமக் காட்டோணும். மண்டிக்கு வர்ற மொரண்டு வேவாரிக்கு அப்படித்தான், வெலையைச் சொல்லாம மொதல்ல சரக்கைக் கையில குடுத்துருவேன்."

"அப்பா, மெதுவாப் பேசுங்க, அம்மா இங்கதான் பாக்கறாங்க"ன்னு என்ற பையன் சொல்றான். அதுவும் கேக்குதுங்க. நல்லாத் தெளிவாக் கேக்குது.

மொரண்டு வேவாரி. அவருகூட இத்தனை வருசம் குடும்பம் நடத்துனதுக்கு நான் அவருக்கு மொரண்டு வேவாரி. நீ பாக்கோணும்னு சொன்னாரே, அது இதுக்குத்தானுங்க.

அந்தப் புள்ள கை அது வரைக்கும் என்ற கையிலதான் இருந்துச்சு. மெதுவா எடுத்துக்கிச்சு. வெடுக்குன்னு இழுத்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு இருந்திருக்காது. என்ற மூஞ்சியைப் பாத்து, "நீங்களா பெரிம்மா"ன்னு கேட்டுச்சு.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது கண்ணு, சாமி சத்தியமா இவங்க பண்றது எனக்குத் தெரியாது"ன்னேன். அது எதைக் கேட்டுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குச் சரியாப் புரிபடலீங்க. போட்டோ விசயம்னா அதுல நான் என்ன பண்ணுவேன்? எத்தனையோ போட்டோ வந்துச்சு, எத்தனையோ சொன்னேன், ஒவ்வொண்ணையும் நெனப்பு வச்சுக்க முடியுமா? அதுவும் இல்லாம அந்தப் போட்டோ எடுத்தவன் சரியில்லை. நேர்ல இருக்கறதுல கால்வாசிகூட அதுல இல்லை. தப்பு அவன் மேல.

அது எந்திரிச்சு தனியாக் கீழ எறங்கிப் போச்சு. நேரா அவங்கப்பா முன்னாடி, அந்தக் கல்லுகிட்டப் போயி நின்னுச்சு. "எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தீங்களேப்பா"ன்னுச்சு. சத்தமாச் சொல்லலை. ஆனா எனக்குப் பக்கத்துல நின்னு சொன்ன மாதிரியே கேட்டுச்சு. அப்பறம் என்ற பையனைப் பாத்து, "ஏர்போர்ட்டுல என்ற பேரு என்னன்னு கேட்டீங்களே"ன்னுச்சு. அவன் குனிஞ்சுக்கிட்டான். அது வெளிய நடந்து போயிடுச்சு. தட்டு அப்படியே எங்கூட்டுக்காரரு கையில இருக்குது.

நான் மேல இருந்து கத்துனேன் பாருங்க, வாயில வந்ததெல்லாம் சொல்லிக் கத்துனேன். ஒண்ணும் கீழ போயிச் சேரலை. கீழ பேசறதுதான் மேல கேக்கும், மேல பேசறது கீழ கேக்காதாமா. ஊட்டுலயும் அப்படித்தானுங்க, நான் சொல்றது எவனுக்குக் கேட்டிருக்குது?

எறங்கோணுமே. எறங்கறதுக்குக் கை இல்லை. தரணி ஏறி வந்து, "வாம்மா, புடிச்சுக்க"ன்னான். உன்ற கை வேண்டாம் போடான்னுட்டேன். கல்லு மேல உக்காந்து உக்காந்து, ஒவ்வொரு படியா நவுந்து எறங்குனேன். சேலையெல்லாம் மண்ணு. வெள்ளைக்காரங்க நின்னு பாத்தாங்க. பாக்கட்டும்.

கீழ வந்தா எங்கூட்டுக்காரரு கேக்கறாரு, "கோவத்தை அப்பறம் பட்டுக்க. உனக்குப் பொண்ணைப் புடிச்சுதா இல்லியா, அதை மட்டும் சொல்லு." புடிச்சுதுன்னா அவரு ஜெயிச்சாரு. புடிக்கலைன்னா அந்தப் புள்ளைய நான் ரெண்டாவது தடவை வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிரும். இன்னைக்கு வரைக்கும் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலைங்க. அவரும் உடறதில்லை.

திரும்பி வர்றப்ப ஏர்போர்ட்டுல அது தனியா உக்காந்திருந்துச்சு. நான் பக்கத்துல போறதுக்குக் கூசிக்கிட்டு இருந்தேன். அதுவா எந்திரிச்சு வந்துச்சு. "நான் யாருன்னு தெரியாம நீங்க சொன்னீங்க பெரிம்மா. இவங்க என்னையத் தெரிஞ்சே பண்ணுனாங்க"ன்னுச்சு. அவ்வளவுதான். அப்பறம் முட்டிக்கு என்ன பண்ணோணும்னு சொல்லுச்சு, நாற்காலில உக்காந்துக்கிட்டுக் காலை நீட்டி மடக்கோணும், தரையில உக்காரப்படாதுன்னு. என்ற நெம்பரை வாங்கிக்கிச்சு.

ஊருக்கு வந்து ஒரு வாரத்துல அவங்க ஊட்டுல இருந்து சொல்லி உட்டுட்டாங்க, பொண்ணு முடியவே முடியாதுங்குதுன்னு. இவரு என்னையப் புடிச்சுக்கிட்டாரு, உன் வாயாலதான் போச்சுன்னு. என்ற வாயாலயாமா. ஜெராஷ்ல நான் பேசுனது யாருக்காச்சும் கேட்டுச்சா? பேசுனது பூராவும் அவரு. பையன் ஒரு மாசம் என்ற மூஞ்சியைப் பாத்துச் சாப்புடலை. "உனக்குத் தெரியாமப் பண்ண வேண்டியிருந்துச்சேம்மா, அது ஏன்னு யோசிச்சயா"ங்கறான். இதுல யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது? ஏமாத்துனவங்க அவங்க, யோசிக்கறது நானா?

அந்தப் புள்ள மட்டும் போன் பண்ணும். முட்டி எப்படி இருக்குது பெரிம்மான்னு கேக்கும். பத்து வார்த்தை பேசும், வச்சுரும். ஊட்டுல யாருக்கும் தெரியாது. போன் வந்தா கொல்லைப்பக்கம் போயிப் பேசுவேன். ஒரு தடவை கேக்கலாம்னு பாத்தேன், பழசை மறந்துப்போட்டு என்ற ஊட்டுக்கே வந்துரு சாமின்னு. வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா அதுக்கு அப்பறம் போன் வராதுன்னு பயம். கேக்கலை.

போன மாசம் பண்ணுச்சு. "பெரிம்மா, எனக்குக் கல்யாணம். கூட வேலை செய்யறவருதான். யாரும் காட்டலை, நானே பேசிப் பாத்துச் சரின்னேன். உங்க ஊட்டுல வேற யாரையும் கூப்புடலை. நீங்க மட்டும் வாங்க"ன்னுச்சு.

நாமக்கல்லுலதானுங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மண்டபம். ஊட்டுல சேலத்துச் சித்தி மகளுக்கு மேலுக்குச் சொகமில்லை, பாத்துட்டு வர்றேன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். மறைக்கறது அவங்களுக்கு மட்டுந்தான் வருமா? பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமா நிக்கறேன், அவரே ஸ்கூட்டர்ல கொண்டாந்து நாமக்கல் பஸ்ஸுல ஏத்தி உட்டுப்போட்டு, "படி பாத்து எறங்கு"ன்னு சொல்லிட்டுப் போறாரு. பாவம், ஒண்ணுமே தெரியலை.

இங்க பாருங்க, இது அதுக்கு எடுத்த சேலை. மாம்பழக் கலரு. நாலு கடை ஏறி எறங்குனேன், ஒரு சேலையையும் குறை சொல்லாம எடுக்க முடியலை. இதுல மட்டும் ஒண்ணும் சொல்லத் தோணலை.

நாமக்கல் வந்துருச்சுங்களா? கோட்டை தெரியுதே. நீங்க எறங்கலை? சரி, சரி. நீங்க பேசவே இல்லை, நானே பேசிக்கிட்டு வந்துட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மணி. மண்டபத்து வாசல்ல சந்தனக் கிண்ணத்தோட நாலு புள்ளைக நிக்குமில்ல, உள்ள போறவங்களை எல்லாம் கேக்குமில்ல, பொண்ணு ஊடுங்களா, மாப்பிள்ளை ஊடுங்களான்னு. நான் என்னங்க சொல்லட்டும்? பொண்ணு ஊடுன்னுதான் சொல்லோணும், அதுதான் கூப்புட்டுச்சு. காத்தாலே கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் வாயில மாப்பிள்ளை ஊடுன்னுதாங்க வருது.